ஆண்டவருக்கு நான் வைத்த கெடு

ஒரு நோட்டில் 90 கட்டம் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு நாள் இரவும் ஜெபம் முடிந்ததும் ஒரு கட்டத்தை நீலப் பேனாவால் குறுக்கே அடிப்பேன். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பில் பட்டை போட்டு, உள்ளே சின்னதாக ஒரு கதவு வரைந்திருந்தேன். அந்த நாளும் வந்தது. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு ஹாலில் விளக்கைப் போடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு ஒரு மெசேஜ் வந்தது. பாய்ந்து எடுத்துப் பார்த்தால், இன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தது. இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குப் போனைச் சுவரில் எறியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

இதை எழுதக் காரணம், இந்தக் கதையில் எந்த இடத்திலும் யாரும் என்னைத் தடுத்து நிறுத்தி இரண்டு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடியவர்களிடம் நானும் போகவில்லை. ஆண்டவருடைய வேளைக்குக் காத்திருப்பதைப் பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்டிருக்கிறோம். எப்படிக் காத்திருக்கக் கூடாது என்று நான் வேலையில்லாமல் 26 மாதம் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பதினோரு வருடம் ஒரே வேலையில் இருந்தேன். கடைசி ஒன்றரை வருடம் மேலதிகாரி மாறியதிலிருந்து தினமும் காலையில் வயிற்றைப் பிசையும். வேறு இடம் கேட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன், அதோடு சரி. விண்ணப்பம் என்று ஒன்றிரண்டுதான் போட்டிருப்பேன். அந்தச் சமயத்தில் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரர் என் தலையில் கை வைத்து, “மூன்று மாதத்துக்குள்ளே கர்த்தர் உனக்குப் பெரிய வாசலைத் திறக்கிறார், பழைய இடத்தைத் திரும்பிப் பார்க்காதே” என்றார். அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. என் வேலைப் பிரச்சினையும் தெரியாது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த வாரமே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “கொடுத்துட்டு வந்து சொல்றீங்களே” என்று மட்டும் கேட்டாள். “உனக்கு விசுவாசம் பத்தாது” என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பணம் போனதைவிட அதுதான் வலிக்கிறது.

அந்தச் சகோதரரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் உண்மையாகவே நம்பித்தான் சொல்லியிருப்பார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் பவுல் “தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்” என்று எழுதிய கையோடு, அடுத்த வசனத்திலேயே “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்கிறார். முதல் வசனத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டது நான்தான். சோதித்துப் பார்ப்பது என்றால் பெரிய வேதப் பாண்டித்தியம் எதுவும் வேண்டாம். அந்த வார்த்தையை மனைவியிடமோ கணவரிடமோ முதலில் சொல்லுங்கள். பிறகு, எளிதில் பரவசப்படாத, உங்கள் முகத்துக்கு நேரே “வேண்டாம்” என்று சொல்லக்கூடிய மூத்த விசுவாசி ஒருவரிடம் சொல்லுங்கள். ஒரு மாதம் சும்மா வையுங்கள். ஆண்டவருடைய வார்த்தை ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது. புது வேலைக்கான கடிதம் கைக்கு வந்த பிறகு பழைய வேலையை விட்டால் அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர்கள் உங்கள் வீட்டுச் செலவைப் பார்க்கப் போவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கையில் பத்து மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருந்தது. மூன்று மாதத்தில் கதவு திறக்கப் போகிறதே என்று முதல் மூன்று மாதமும் செலவைக் குறைக்கவே இல்லை. அது மட்டுமா? இன்னொரு கூட்டத்தில் “விசுவாச விதை” விதைக்க, அதாவது ஆசீர்வாதத்தை எதிர்பார்த்துக் காணிக்கை கொடுக்கச் சொன்னார்கள். அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். காணிக்கை கொடுப்பதை நான் தவறு என்று சொல்லவில்லை, இன்றைக்கும் கொடுக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கொடுத்தது காணிக்கை இல்லை, பேரம். ஆண்டவரைச் சீக்கிரப்படுத்தக் கொடுத்த பணம். அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் உணர்ச்சிப் பெருக்கில் எவ்வளவு கொடுக்கத் தோன்றினாலும் அன்றைக்குக் கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து, தூங்கி எழுந்து, மனைவியிடம் பேசி, அதற்குப் பிறகும் கொடுக்க வேண்டும் என்று மனதில் இருந்தால் கொடுக்கிறோம்.

90-ஆவது நாள் ஒன்றும் நடக்காததும் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி இன்னொரு 90 கட்டம் போட்டேன். கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குவது என்பதில் நான் தவறிவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது மாதத்தில் ஒரு வேலை வந்தது. சம்பளம் பழையதில் முக்கால் பங்கு, பதவியும் ஒரு படி கீழே. நான் வேண்டாம் என்றேன். “பெரிய வாசல்” என்று சொல்லியிருக்கும்போது இது எப்படி அந்த வாசலாக இருக்கும்? தொலைபேசியில் பேசிய அந்தப் பெண் இரண்டு தடவை, “சார், யோசித்துச் சொல்லுங்க, நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்கு” என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். என் பிடிவாதத்துக்கு நான் வைத்திருந்த பெயர் விசுவாசம்.

எட்டாவது மாதம் பயம் பிடித்தது. அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தவன், திடீரென்று எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று துடித்தேன். தெரிந்தவர் ஒருவர் கூட்டு வியாபாரம் என்றார். மீதியிருந்த சேமிப்பில் நான்கு மாதச் சம்பளத்தையும், மச்சானிடம் வாங்கிய மூன்று மாதச் சம்பளத்தையும் போட்டேன். ஒப்பந்தம் ஒன்றும் எழுதவில்லை; “விசுவாசிகளுக்குள்ளே என்ன எழுத்து” என்றார், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்தது. அவர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல முடியாது. இருவருக்குமே அந்தத் தொழில் தெரியாது.

இந்த இடத்தில் எனக்கு சவுல் ராஜாவைத்தான் ஞாபகம் வரும். தான் வந்து பலி செலுத்தும்வரை காத்திரு என்று சாமுவேல் தீர்க்கதரிசி சொன்னபடி கில்காலில் ஏழு நாள் காத்திருக்கிறான். ஜனங்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போகிறார்கள், எதிரே பெலிஸ்தர் கூடி நிற்கிறார்கள். “துணிந்து” பலியைச் செலுத்திவிடுகிறான். செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்து நிற்கிறார். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்கும்போது, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சவுல்மேல் கோபம் வரும். இப்போது வருவதில்லை. ஜனங்கள் கலைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சந்ததி தருவதாக வாக்கு பெற்ற ஆபிரகாமும் அப்படித்தான். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது 75 வயது, கானானில் பத்து வருடம் காத்திருந்த பிறகு வேலைக்காரி ஆகார் வழியாகப் பிள்ளைக்கு ஒரு ஏற்பாடு, இஸ்மவேல் பிறக்கும்போது 86. வாக்கின்படி ஈசாக்கு பிறந்தது 100 வயதில். வாக்கு கொடுத்தவர் எப்படி நிறைவேற்றுவார் என்பதையும் நானே தீர்மானிக்கிறேன் என்று இறங்கினால், அதன் விளைவோடு பிறகு ஒரே கூடாரத்தில் வாழ வேண்டியிருக்கும். ஐந்தாவது மாதம் அசைய மறுத்ததும், எட்டாவது மாதம் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்ததும் வேறு வேறு தவறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். இரண்டிலும் தேதியையும் வழியையும் நான்தான் குறித்து வைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு முடிவு எடுக்க நெருக்கடி வந்தால், ஒரு கேள்வி உதவும்: இதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? “இப்பவே சொல்லணும், இல்லேன்னா போயிடும்” என்று எதிராளி சொன்னாலோ, என் மனதே சொன்னாலோ, பெரும்பாலும் பயம்தான் பேசுகிறது. அப்புறம், விசுவாசியோ உடன்பிறந்தவரோ, பணம் கைமாறினால் எழுதி வாங்குங்கள். எரேமியா தீர்க்கதரிசி தன் பெரியப்பா மகனிடம் நிலம் வாங்கும்போதே பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, முத்திரை போட்டுத்தான் வாங்கினார்.

பதினான்காவது மாதத்துக்குள் நான் சபைக்குப் போவதைக் குறைத்துவிட்டேன். ஆராதனை தொடங்கிக் கால் மணி நேரம் கழித்துப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னால் எழுந்து வந்துவிடுவேன். சாட்சி நேரம்தான் தாங்காது. நேற்றுக் கேட்டு இன்று கிடைத்தவர்கள் எழுந்து சொல்லும்போது வாய் “ஸ்தோத்திரம்” என்று சொல்லும், உள்ளே எரியும். பொறாமை என்று ஒத்துக்கொள்ளவும் மனசு வராது. காலையில் போனைத் திறந்தால் நலம்விரும்பிகள் அனுப்பிய வசனங்கள் இருக்கும், பெரும்பாலும் எரேமியா 29:11. தூக்கம் போனது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜெபித்தாலும் வார்த்தை வராது. இது பல வாரம் நீடித்தபோது மனைவிதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். போக மறுத்தேன், அது விசுவாசக் குறைவு என்று. அவள் எலியா தீர்க்கதரிசியைச் சொன்னாள். சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு “போதும் கர்த்தாவே” என்று சாகக் கேட்டவருக்கு தேவதூதன் முதலில் உபதேசம் பண்ணவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். பேச்சு அதற்கு அப்புறம்தான். உங்களுக்கும் வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லையென்றால், வாழவே பிடிக்கவில்லையென்றால், தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். அதையும் ஜெபத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டாம்.

திருப்பம் என்று சொல்லும்படி தரிசனம் எதுவும் வரவில்லை. எங்கள் சபையில் வயதான ஒரு அம்மா, அதிகம் பேசாதவர், ஒருநாள் நான் பாதியில் எழுந்து வரும்போது வாசலில் பிடித்துக்கொண்டார். எப்படி இருக்கிறாய் என்றார். நான் வழக்கமான பதிலாக அந்த 29:11-ஐச் சொன்னேன், “தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்” என்று. “நல்ல வசனம்தான் தம்பி. அதுக்கு முந்தின வசனத்தை வாசிச்சிருக்கியா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குப் போய் 28, 29 இரண்டு அதிகாரத்தையும் வாசித்தேன். இத்தனை வருடம் கிறிஸ்தவனாக இருந்தும் முழுதாக வாசித்தது அன்றுதான் முதல் தடவை.

பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குக் கைதிகளாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. கி.மு. 597-ல் யூதாவின் ராஜா எகொனியாவோடு கொண்டுபோகப்பட்ட ஜனங்கள். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த எழுபது வருஷத்தின் முடிவைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவர்களுக்குத்தான் “சமாதானத்துக்கேதுவான நினைவுகள்” என்று சொல்லப்பட்டது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறார். பாபிலோனுக்கு அடங்கியிருப்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைக்கவும் செய்கிறார். இரண்டு வருஷமா, எழுபது வருஷமா? நானாக இருந்தால் யார் பின்னால் போயிருப்பேன் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எரேமியா என்ன செய்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். நடந்தால் அவருக்கும் சந்தோஷம்தானே. ஆனால் நடக்கும்போதுதான் தெரியும் என்றும் சொல்லிவிட்டார். நுகத்தை உடைத்தபோது சண்டை போடவில்லை, தன் வழியே போய்விட்டார்.

அதைவிட என்னை உலுக்கியது கடிதத்தின் தொடக்கம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். அதாவது, பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்காதீர்கள். நான் பதினைந்து மாதமாகப் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஒழுகிய குழாயைக்கூடச் சரிசெய்யவில்லை, வேலை கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று. மகளோடு விளையாடுவதும் வேலை கிடைத்த பிறகுதான். மறுநாள் காலையில் அந்தக் குழாயைக் கழற்றினேன். வாஷர் தேய்ந்திருந்தது. மாற்ற இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. வாளியில் சொட்டுகிற சத்தம் நின்றதும் வீடு என்னவோ புதிதாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுதினேன். மனைவிக்குத் தெரியாத இரண்டும் அதில் இருந்தன. அந்த ராத்திரி நன்றாக இல்லை, ஆனாலும் விடிந்தது. கடன் கொடுத்த ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டு, இப்போது முடியாது, இந்த மாதத்திலிருந்து இவ்வளவு தருகிறேன் என்றேன். இதை மூன்றாவது மாதமே செய்திருந்தால் பாதி அவமானம் குறைந்திருக்கும். ஒளிந்து திரிகிறவனைவிடக் கூப்பிட்டுச் சொல்கிறவனுக்கு ஜனங்கள் அவகாசம் கொடுக்கிறார்கள். தெரிந்தவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். பழைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. வேலை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவும் பழகினேன். ஆண்டவரை நம்புகிறவன் மனிதரிடம் கேட்கக் கூடாது என்று ஒரு எண்ணம் இருந்தது. யோசேப்பு சிறையில் பார்வோனின் பானபாத்திரக்காரனிடம், உனக்கு நல்லது நடக்கும்போது என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் சொல் என்று நேரடியாகவே கேட்டார். அவன் மறந்து இரண்டு வருஷம் ஆனது, அது வேறு. அந்த அறிமுகமே எப்படி வந்தது? ஒருநாள் காலையில் அவனும் கூட இருந்த இன்னொரு கைதியும் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, ஏன் துக்கமாயிருக்கிறீர்கள் என்று யோசேப்பு விசாரித்ததில் வந்தது. 17 வயதில் விற்கப்பட்டு 30 வயதில் பார்வோன் முன்னால் நின்றவர், நடுவில் இருந்த வருடங்களில் பக்கத்தில் இருந்தவன் முகத்தைக் கவனித்திருக்கிறார். நான் என் நோட்டைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஜெபமும் மாறியது. அதுவரை நான் வாக்குத்தத்தங்களைத்தான் அறிக்கை செய்துகொண்டிருந்தேன். மனதில் இருந்ததைச் சொல்லவே இல்லை. பிறகு 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டேன். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்கி, எதுவரைக்கும் எதுவரைக்கும் என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறார். தன் சகோதரன் லாசரு செத்தபோது மார்த்தாளும், “நீர் இங்கேயிருந்தீரானால்” என்று இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வியாதி என்று ஆள் அனுப்பியும் இரண்டு நாள் அங்கேயே தங்கியிருந்தவர்தான் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். இந்த இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று எனக்கு முழுதாக விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கியபின் மூன்று மணி விழிப்பு கொஞ்சம் பழகிப்போனது.

காத்திருக்கிற ஒருவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “எல்லாம் நன்மைக்கே” என்று வாசற்படியில் நின்று சொல்லாதீர்கள். எதில் பாவம் செய்தாய் என்று துருவாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். கூட வந்து உட்காருங்கள். வேலை விவரம் தெரிந்தால் சொல்லுங்கள். கணக்கு எழுத ஆள் தேவையா என்று கேளுங்கள்.

26-ஆவது மாதம் வேலை கிடைத்தது. கணக்கு எழுதிக் கொடுத்த ஒருவர் தன் நண்பரிடம் சொல்லி வந்த வேலை. சம்பளம், நான் ஐந்தாவது மாதம் வேண்டாம் என்ற வேலையின் அளவுதான். கணக்குப் பார்த்தால், 26 மாதச் சம்பளமும் பத்து மாதச் சேமிப்பும் போனது, ஆறு மாதச் சம்பளம் அளவுக்குக் கடன் நின்றது. மச்சானுக்குத் தர வேண்டியது இன்னும் பாக்கி. இதுதான் அந்தப் “பெரிய வாசலா” என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்று இயேசு சொன்னதை நான் இப்போது ஒரு நிம்மதியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். அந்த நோட்டின் மிச்சப் பக்கங்களில் மகள் வாய்ப்பாடு எழுதிப் பழகுகிறாள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அந்தச் சகோதரரைப் பார்த்தேன். அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. பக்கத்தில் இருந்தவர், “பிரதர், இவருக்குத்தான் அன்னைக்கு வாசல் திறக்கும்னு சொன்னீங்க, இப்ப வேலையில இருக்கார்” என்று அறிமுகப்படுத்தினார். அவர் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தீங்களா, கர்த்தர் சொன்னா சொன்னதுதான்!” மனைவி என்னைப் பார்த்தாள். நான் “ஆமென்” என்றேன். பிறகு மகளைத் தேடிக்கொண்டு என் வழியே போனேன்.